‘பீரோ’வுக்குப் போயிட்டு வரேம்மா!

காலை ஏழு மணி வாக்கில் நசரத்பேட்டை ஜங்ஷனில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பெங்களூர் ஹைவேயும் வண்டலூர்-மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோடும் சந்திக்கிற இடம். கம்பெனி பஸ்களுக்குப் பஞ்சமே கிடையாது. தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை, காதில் ஒயர், கண்ணில் பாக்கித் தூக்கம் என்று வரிசையாக இளைஞர்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்றதும் எல்லோருக்கும் கொரியாவும் ஜப்பானும்தான் ஞாபகத்துக்கு வரும். பிரான்ஸும் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது சட்டென்று உறைக்காது. 2000-ல் ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடித் தொழிற்சாலை ஆரம்பித்த செயின்ட் கோபைன், பிரெஞ்சு ராஜா பதினாலாம் லூயி காலத்தில், 1665-ல் பிறந்த கம்பெனி. 2010-ல் ஒரகடத்தில் கார் ஃபாக்டரி திறந்த ரெனால்ட்டும் அந்த ஊர்தான்.

செயின்ட் கோபைன், ரெனால்ட் என்றெல்லாம் சொல்வது நாம்தான். அவர்கள் வாயில் ‘ஸேன் கோபேன்’, ‘ரெனோ’. வார்த்தையின் கடைசி எழுத்தை முழுங்குவது பிரெஞ்சுக்காரர்களின் பரம்பரைப் பழக்கம். எழுதும்போது மட்டும் தாராளம்!

இந்தப் பையன்களில் சில பேர் காதில் கேட்பது சினிமாப் பாட்டு இல்லை. பிரெஞ்சுப் பாடம். காரணம் ரெனோவும் இல்லை, ஈஃபில் டவரும் இல்லை. கனடா!

விஷயம் இதுதான். கனடாவில் நிரந்தரமாகக் குடியேற ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ என்று ஒரு பாயிண்ட் கணக்கு இருக்கிறது. வயசுக்கு இத்தனை, படிப்புக்கு இத்தனை, அனுபவத்துக்கு இத்தனை என்று கூட்டுவார்கள். 2023-ல் அதில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனிச் சுற்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அதோடு நிலைமை மாறிவிட்டது. 2024 பிப்ரவரியில் பொதுச் சுற்றில் கூப்பிட்டவர்களுக்கு 530 பாயிண்டுக்கு மேல் தேவைப்பட்டது. அதே மாதம் 1-ஆம் தேதி பிரெஞ்சுச் சுற்றில் ஏழாயிரம் பேரைக் கூப்பிட்டார்கள். கட்-ஆஃப் வெறும் 365! மாசக் கடைசியில் இன்னொரு சுற்று, 336. முப்பது வயசு தாண்டி, வருஷா வருஷம் பாயிண்ட் கரைந்துகொண்டிருக்கிற ஒரு சாஃப்ட்வேர்க்காரனுக்கு இது எப்பேர்ப்பட்ட சேதி என்று யோசியுங்கள். பிளஸ் டூவில் மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்துவிட்டு மறுநாளே மறந்தவர்கள்கூட, பழைய நோட்டைப் பரணிலிருந்து இறக்குகிறார்கள்.

ஒரே நிபந்தனை. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது நாலிலும் ஏழாம் படியை எட்ட வேண்டும். கிட்டத்தட்ட சரளமாகப் பேசுகிற அளவு. அதில்தான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள். புத்திக் குறைவால் இல்லை, ரூட் தப்பு!

ரூட் என்றால்? எடுத்த எடுப்பில் ஒரு பட்டியல். இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் பிரெஞ்சு. ஆப்பிளுக்கு இது, அம்ப்ரெல்லாவுக்கு இது. ஒரு நாளைக்கு ஐம்பது வார்த்தை மேனி உருப்போட்டால் இரண்டே மாசத்தில் மூவாயிரம் வார்த்தை. கணக்கு ஜோராக இருக்கிறது. வாயைத் திறந்தால்தான் வம்பு.

ஏன் வம்பு? இங்கிலீஷும் பிரெஞ்சும் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 1066-ல் பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வில்லியம் என்கிற பிரபு படையோடு போய் இங்கிலாந்தைப் பிடித்தார். அப்புறம் சுமார் முந்நூறு வருஷம் அங்கே அரண்மனையிலும் கோர்ட்டிலும் பிரெஞ்சுதான். இன்றைய இங்கிலீஷ் வார்த்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த வழியாக வந்ததுதான். ஆட்டை மேய்த்தவன் ஏழை இங்கிலீஷ்காரன். அவனுக்கு அது ‘ஷீப்’. வறுத்துத் தின்றவர் பிரெஞ்சுப் பிரபு. அவருக்கு அது ‘மூத்தோன்’. அதுதான் மட்டன்! (பிரெஞ்சில் ஆட்டுக்கு ‘மூத்தோன்’ என்று பேர் இருப்பதை உங்கள் அண்ணனிடம் இப்போதே சொல்லிவிட வேண்டாம்.)

பிரச்னை என்னவென்றால், ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் போன வார்த்தைகள் போன இடத்தில் வேறு குணத்துக்கு மாறிவிட்டன. முகம் அதே முகம். ஆள் வேறே ஆள். பிரெஞ்சுக்காரர்களே இதற்கு ‘பொய் நண்பர்கள்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

நம்ம பையன் ஒருவன் இன்டர்வியூவுக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். “ஆக்சுவலி...” என்று ஆரம்பிப்பது நம் தேசிய வழக்கம் இல்லையா? பட்டியலைப் பார்க்காமலே ‘ஆக்துவெல்மான்’ என்கிறான். அதற்கு ‘தற்போது’ என்று அர்த்தம். “ஆக்சுவலி நான் அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கலை” என்று நினைத்துச் சொன்னது, “தற்போது வேலை பார்க்கலை” என்று போய்ச் சேரும். வேலை காலி! சரி, அடுத்தது. “எவென்சுவலி கனடாவில் செட்டில் ஆவேன்.” கடைசியில் அங்கேதான் என்பது அவன் மனசு. ‘எவாந்துவெல்மான்’ என்றால் பிரெஞ்சில் ‘ஒருவேளை, தேவைப்பட்டால்’. அதாவது, வந்தாலும் வருவேன், வராமலும் போவேன். கேட்கிற ஆள் என்ன நினைப்பார்?

“பையன் பரீட்சை பாஸ்” என்று அப்பா தெருவெல்லாம் ஸ்வீட் கொடுப்பார். பிரெஞ்சில் பரீட்சையை ‘பஸ்ஸே’ பண்ணுவது என்றால் சும்மா உட்கார்ந்து எழுதுவது. அரியர் வைத்தவனும் ‘பஸ்ஸே’தான்! ‘காலேஜில் படித்தேன்’ என்று அப்படியே சொன்னால் அது ஆறாவதிலிருந்து ஒன்பதாவது வரைக்கும் உள்ள ஸ்கூல். இன்ஜினீயரிங் காலேஜுக்கு அங்கே ‘எக்கோல்’. எக்கோல் என்றால் பள்ளிக்கூடம்! நசரத்பேட்டையைச் சுற்றி இருக்கிற இன்ஜினீயரிங் மாணவர்களிடம் “எந்த ஸ்கூல்ப்பா?” என்று கேட்டால் அடிக்க வருவார்கள். பாரிஸில் அதுதான் பெருமை. ‘லிப்ரேரி’ என்பது லைப்ரரி இல்லை, புஸ்தகக் கடை. புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினால் போலீஸ் வரும். ‘த்மாந்தே’ என்பது டிமாண்ட் இல்லை, பணிவாகக் கேட்பது. ‘அஸிஸ்தே’ என்றால் உதவி செய்வது இல்லை, போய் உட்கார்ந்து பார்ப்பது (சில ஆபீஸ்களில் இரண்டும் ஒன்றுதான்). கடையில் ஜாம் பாட்டிலைக் காட்டி, “இதில் பிரிசர்வேட்டிவ் இருக்கா?” என்று விசாரிக்க நினைத்து ‘ப்ரெஸெர்வாதிஃப்’ என்று கேட்டால், கடைக்காரப் பெண்மணி முகம் சிவந்துவிடும். நிரோத்துக்குத்தான் அங்கே அந்தப் பேர். விருந்தில் வயிறார சாப்பிட்டுவிட்டு ‘ஐ ஆம் ஃபுல்’ என்பதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றினாலும் அபாயம். ஆண் சொன்னால் “நான் ஃபுல்லா தண்ணி போட்டிருக்கேன்”. பெண் சொன்னால் “சினையா இருக்கேன்”.

இங்கிலீஷில் ‘பெயின்’ என்று நாம் படிக்கிற அதே நாலு எழுத்தை அவர்கள் ‘பேன்’ என்கிறார்கள். அர்த்தம் ரொட்டி. இங்கிலீஷில் வலி, பிரெஞ்சில் ரொட்டி, தமிழில் தலையில் ஊர்வது!

தமிழுக்கும் பிரெஞ்சோடு இப்படி ஒரு வேடிக்கை உறவு உண்டு. நம் வீட்டில் பட்டுப் புடவையும் நகையும் வைத்துப் பூட்டுகிற ‘பீரோ’ பிரெஞ்சு வார்த்தை. ‘பியூர்’ என்று ஒரு முரட்டுத் துணி. அதை விரித்த எழுதுமேஜைக்கு அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. மேஜையிலிருந்து மேஜை இருந்த அறைக்குப் போய், அறையிலிருந்து ஆபீஸுக்கே போய்விட்டது. நம்மிடம் வந்ததோ இரும்பு அலமாரியாக. பிரெஞ்சுக்காரன் காலையில் டை கட்டிக்கொண்டு, “பீரோவுக்குப் போயிட்டு வரேம்மா” என்றுதான் கிளம்புகிறான். சாயங்காலம் வரை உள்ளேயே பூட்டி வைத்திருப்பார்கள் என்பதால் பொருத்தம்தான்.

•

அப்படியானால் எந்த ரூட்? இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். இங்கிலீஷ் என்கிற பைபாஸில் ஏறாமல், தமிழிலிருந்து நேராக இறங்கிப் பாருங்கள். பாதி மேடு பள்ளம் காணாமல் போய்விடும்.

இது புது யோசனை இல்லை. பெரம்பூரில் 1709-ல் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை, புதுச்சேரியில் கவர்னர் துய்ப்ளேக்ஸுக்கு துபாஷியாக இருந்தார். துபாஷி என்றால் இரண்டு பாஷைக்காரர். நடுவில் மூன்றாவதாக இங்கிலீஷ் கிடையாது. அது எதிரி பாஷை! 1736-லிருந்து 1761 வரை அவர் எழுதிய டயரி தமிழில்தான் இருக்கிறது. அப்புறம் 1855-ல் முஸே, துய்புய் என்ற இரண்டு பாதிரிமார் தமிழ்-பிரெஞ்சு அகராதி ஒன்றைப் புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் போட்டார்கள். தமிழ்ச் சொல், எதிரே பிரெஞ்சு. அவ்வளவுதான். 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கை மாறுகிற வரைக்கும் புதுச்சேரிக்காரர்கள் அங்கே கோர்ட்டில் வாதாடியதும் பத்திரம் எழுதியதும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து ‘சொல்தா’ ஆனதும் தமிழ் மூளையை வைத்துக்கொண்டுதான்.

எப்படி நேர் வழி என்கிறீர்களா? ‘எனக்கு’ என்ற ஒரு வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலீஷ்காரன் ‘ஐ ஆம் ஹங்ரி’ என்பான். நானே பசித்தவன். ‘ஐ ஆம் ட்வென்டி-ஃபைவ்.’ நானே இருபத்தைந்து! நாம் அப்படியா சொல்கிறோம்? எனக்குப் பசி. எனக்கு இருபத்தஞ்சு வயசு. பிரெஞ்சுக்காரனும் ‘ஜே’ என்று ஆரம்பிப்பான். ‘என்னிடம் இருக்கிறது’ என்று அர்த்தம். என்னிடம் பசி இருக்கிறது, இருபத்தைந்து வருஷம் இருக்கிறது, தாகம் இருக்கிறது, பயம் இருக்கிறது, தூக்கம் இருக்கிறது. தமிழில் ‘எனக்கு’ என்று எங்கெல்லாம் தன்னால் வருகிறதோ, அங்கெல்லாம் ‘ஜே’ போட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா, எனக்கு லீவு இருக்கு, எல்லாமே ‘ஜே’. இங்கிலீஷ் வழியாகப் போனவன் ‘நான் சூடு’ என்று மொழிபெயர்த்துவிட்டு, எதிரே இருக்கிறவர் ஏன் நமுட்டுச் சிரிப்பு சிரிக்கிறார் என்று முழிப்பான். அங்கே அதற்கு வேற அர்த்தம் ஸார். “எனக்குப் புழுக்கமா இருக்கு” என்று தமிழில் யோசித்தவன் தப்பிப்பான்.

அடுத்தது, நீ, நீங்கள். இங்கிலீஷில் நாய்க்கும் ‘யூ’, நாட்டாமைக்கும் ‘யூ’. அதை பிரெஞ்சுக்கு மாற்றும்போது ‘தூ’ போடுவதா ‘வூ’ போடுவதா என்று வெள்ளைக்காரன் திணறுவான். நமக்கு என்ன கஷ்டம்? மச்சானுக்கு நீ, மேனேஜருக்கு நீங்க. அவ்வளவுதானே! அங்கேயும் அப்படித்தான். ஒரே ஒரு வித்தியாசம், அவர்கள் அப்பா அம்மாவையும் ‘தூ’ என்பார்கள். (நம் வீடுகளிலும் அம்மாவுக்கு ‘நீ’தான், அப்பாவுக்குத்தான் ‘நீங்க’. ஏன் என்று அப்பாக்களைக் கேட்க வேண்டாம்.)

இது வெறும் மரியாதை சமாச்சாரம் இல்லை, மார்க் சமாச்சாரம். கனடாவுக்காக எழுதுகிற ‘டெஃப் கனடா’ பரீட்சையில் பேசுகிற பகுதி இரண்டு பாகம். முதல் பாகம் ஐந்து நிமிஷம். ஒரு விளம்பரத்தைக் கொடுத்து, முன்பின் தெரியாத ஆளிடம் போனில் விவரம் கேட்கச் சொல்வார்கள். இது ‘வூ’. இரண்டாவது பத்து நிமிஷம். ஒரு நண்பனை ஏதோ ஒன்றுக்கு வரச் சொல்லி சம்மதிக்க வைக்க வேண்டும். இது ‘தூ’. எதிரே உட்கார்ந்திருப்பதோ இரண்டு பாகத்துக்கும் அதே பரீட்சகர்! சிநேகிதனாக நடிப்பவரிடம் போய் ‘நீங்க வாங்க’ என்று குழைந்தாலும் தப்பு. கடைக்காரராக நடிப்பவரை ‘வாடா’ என்றாலும் தப்பு. மனசுக்குள் தமிழ் ஓடினால் இது தானாக வரும். முதல் பாகத்தில் “ஸார், உங்க விளம்பரம் பார்த்தேன்...”. இரண்டாவதில் “டேய் மச்சி, சொன்னாக் கேளு...”.

இன்னொரு உதாரணம். ‘டைம்’ என்ற ஒரே வார்த்தையை வைத்து இங்கிலீஷ்காரன் வண்டி ஓட்டுகிறான். பிரெஞ்சில் அதற்கு மூன்று வார்த்தை: ‘தான்’, ‘எர்’, ‘ஃபுவா’. பட்டியல் போட்டவன் மூன்றையும் பார்த்துத் தலையைச் சொறிவான். தமிழில் யோசியுங்கள். டைம் இல்லை என்றால் நேரம், அது ‘தான்’. டைம் என்ன என்றால் மணி; அது ‘எர்’. த்ரீ டைம்ஸ் என்றால் மூணு தடவை, அது ‘ஃபுவா’. நேரம், மணி, தடவை. அளவெடுத்துத் தைத்த மாதிரி இல்லை? ‘ஸ்பிரிங்’ கதையும் இதுதான். வசந்த காலம், சுருள் கம்பி, ஊற்று என்று நாம் மூன்றாகப் பிரிக்கிறோம். அவர்களும் மூன்று வார்த்தை வைத்திருக்கிறார்கள்.

போன் இருக்கிறதே, அது மொழிபெயர்க்காதா என்று கேட்பீர்கள். பேஷாக மொழிபெயர்க்கும், முழு வாக்கியமாகக் கொடுத்தால். ஒற்றை வார்த்தையாக ‘டைம்’ என்று தட்டினால் அதற்கு உங்கள் மனசில் நேரமா, மணியா, தடவையா என்று எப்படித் தெரியும்? ஜோசியமா பார்க்கும்? தவிர, பரீட்சை ஹாலில் போனைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள்.

உச்சரிப்பிலும் நமக்கு ஒரு லாபம். இங்கிலீஷ்காரன் நாக்கை மேலே மடித்து ‘ட’ என்பான். பிரெஞ்சுக்காரன் பல்லில் முட்டி ‘த’ என்பான். அசல் நம்ம ‘த’. நசரத்பேட்டையின் நசரத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். இங்கிலீஷ் ஸ்கூலில் படித்தவர்கள் ‘நாஸரெத்’ என்று கடைசியில் காற்றை ஊதுவார்கள். பிரெஞ்சுக்காரன் பஸ் கண்டக்டர் மாதிரி ‘நஸரெத்’ என்று வெட்டி நிறுத்துவான்.

•

நேர் வழி என்பதற்காக ரோடு முழுக்க தார் போட்டிருக்கும் என்று நினைக்க வேண்டாம். தமிழ் கைவிடுகிற இடங்கள் உண்டு.

முதல் அடி, ஆண்பால் பெண்பால். நமக்கு மனுஷன், தேவர் எல்லாம் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. நாற்காலிக்கு என்ன பால் என்று எந்தத் தமிழ் வாத்தியாரும் கேட்டதில்லை. பிரெஞ்சில் அஃறிணையே கிடையாது! மேஜை பெண். ஆபீஸ் ஆண். கார் பெண். சைக்கிளுக்கு இரண்டு வார்த்தை; ஒன்று ஆண், ஒன்று பெண், வண்டி ஒரே வண்டிதான். உச்சகட்டம் என்னவென்றால் தாடியும் மீசையும் பெண்பால்! 2020-ல் கோவிட் வந்தபோது அது ஆணா பெண்ணா என்று அங்கே பெரிய சர்ச்சை. 1635-ல் ஆரம்பித்த பிரெஞ்சு அகாதெமி உட்கார்ந்து யோசித்து, அது பெண்பால் என்று அந்த மே மாசம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் ஊரே ஆண்பாலில் பேசிப் பழகிவிட்டது. இதில் குறுக்கு வழி இல்லை. வார்த்தையைக் கற்கும்போதே அதன் முன்னால் வருகிற ‘ல’வையோ ‘லா’வையோ சேர்த்தே விழுங்க வேண்டும். இனிஷியலோடு பேர் சொல்கிற மாதிரி.

இரண்டாவது, எண். எழுபதுக்கு அறுபது-பத்து. எண்பதுக்கு நாலு-இருபது. தொண்ணூற்றெட்டுக்கு? நாலு-இருபது-பதினெட்டு! போன் நம்பரை அவர்கள் இரண்டிரண்டு இலக்கமாகத்தான் சொல்வார்கள். கேட்கிற பரீட்சையில் ஒரு குரல் விறுவிறு என்று நம்பர் சொல்லும். ‘நாலு’ என்று நீங்கள் எழுத ஆரம்பிப்பதற்குள் அது எண்பதாகி, தொண்ணூற்றெட்டாகி, அடுத்த ஜோடிக்குப் போய்விடும். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் ஒழுங்காகத் தனி வார்த்தை வைத்திருக்கிறார்கள். நாம் போகிற கனடாவில் இல்லை! ரொம்பக் கோபப்பட வேண்டாம். தொண்ணூறில் ‘நூறு’ எங்கேயிருந்து வந்தது, தொள்ளாயிரத்தில் ‘ஆயிரம்’ எங்கேயிருந்து வந்தது என்று ஒரு பிரெஞ்சுக்காரன் நம்மைத் திருப்பிக் கேட்டால் நாமும் கொஞ்ச நேரம் ஆகாயத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நம் உத்தியோக பாஷை. கம்ப்யூட்டரை உலகமே கம்ப்யூட்டர் என்கிறதே, பிரெஞ்சிலும் அப்படியே விடலாம் என்று சாஃப்ட்வேர்க்காரர்கள் மெத்தனமாக இருப்பார்கள். விட முடியாது. 1955-ல் ஐ.பி.எம். கம்பெனி பாரிஸில் புது மெஷினை விற்கக் கிளம்பியபோது, அதற்கு ஒரு நல்ல பிரெஞ்சுப் பேர் வேண்டும் என்று ழாக் பெரே என்கிற லத்தீன் பேராசிரியரைக் கேட்டது. ஏப்ரல் 16-ஆம் தேதி அவர் பதில் கடிதம் எழுதினார். ‘ஓர்தினாத்தர்’ எப்படி? உலகத்தை ஒழுங்குபடுத்துகிற கடவுளுக்கு ஒரு காலத்தில் சொன்ன வார்த்தை. சாமி வாசனை அடிக்கிறதே என்று அவருக்கே தயக்கம். வேண்டுமானால் அதைப் பெண்பாலாக்கிக்கொள்ளுங்கள் என்றும் யோசனை சொன்னார். கம்பெனி ஆண்பாலையே எடுத்துக்கொண்டது. இன்றைக்கு வரைக்கும் அதுதான் பேர். ஹாங் ஆகி நிற்கும்போது ‘கடவுளே!’ என்று கூப்பிட்டாலும் அது அங்கே பொருத்தமே.

அப்புறம் சாஃப்ட்வேருக்கு ‘லோஜிஸியெல்’. ஈ-மெயிலுக்கு ‘கூரியெல்’. இந்தக் கூரியெல் கனடாவின் கியூபெக்கில் பிறந்து, 2003-ல் பிரான்ஸ் அரசாங்கம் தத்து எடுத்துக்கொண்டது. ஹாஷ்டாகுக்குக்கூட 2013-ல் ஒரு சொல் செய்தார்கள். நாம் கணிப்பொறியா கணினியா என்று பட்டிமன்றம் நடத்திய மாதிரி அவர்களுக்கும் உண்டு. என்ன, அவர்கள் அதை அரசாங்க கெஜட்டில் போட்டு நடத்துகிறார்கள். 1994 ஆகஸ்டில் ழாக் தூபோன் என்கிற மந்திரி, விளம்பரத்திலும் வேலை ஒப்பந்தத்திலும் பிரெஞ்சு கட்டாயம் என்று சட்டமே கொண்டுவந்தார். அவர் பேர் பிரெஞ்சில் ‘எல்லாம் நல்லது’ என்று ஒலிக்கும். குறும்புக்காரர்கள் அதை இங்கிலீஷில் மொழிபெயர்த்து ‘மிஸ்டர் ஆல்குட்’ என்று பட்டம் கட்டிவிட்டார்கள்.

இவ்வளவு கட்டுக்காவல் இருந்தும் பாரிஸ்காரன் ‘வீக்கெண்ட்’, ‘பார்க்கிங்’, ‘ஷாப்பிங்’ என்று தாராளமாகப் பேசுவான். இங்கிலீஷ்காரனுக்கே புரியாத இங்கிலீஷும் பேசுவான். ‘ஸ்மோக்கிங்’ என்றால் கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டு. ‘பிரெஸ்ஸிங்’ என்றால் துணி வெளுக்கிற கடை. நாம் ஹோட்டல் என்றால் தங்குகிற இடத்தை விட்டுவிட்டு இட்லி கிடைக்கிற இடத்தை நினைக்கிறோமே, அந்த ஜாதி. கியூபெக்கில் இந்த வேலையே ஆகாது. 1977-ல் போட்ட பாஷைச் சட்டம் அங்கே இன்னும் முறைப்பாக நிற்கிறது. பாரிஸ் தெருமுனையில் சிவப்புப் பலகையில் ‘ஸ்டாப்’ என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். மாண்ட்ரியாலில் ‘அரே’ என்று சுத்த பிரெஞ்சில் இருக்கும். பட்டியல் பாரிஸ் பட்டியல், போகிற ஊர் மாண்ட்ரியால் என்றால் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டாமா?

நம்மைப் பெருமைப்பட வைக்கிற வார்த்தையும் ஒன்று சொல்கிறேன். இங்கிலீஷில் ‘ரிவர்’ ஒன்றுதான். பிரெஞ்சில் இரண்டு. கடலில் போய்ச் சேர்ந்தால் ‘ஃப்ளவ்’, இன்னொரு ஆற்றில் கலந்தால் ‘ரிவியேர்’. காவிரியில் கலக்கிற அமராவதி எவ்வளவு பெரிசாக ஓடினாலும் ரிவியேர்தான். திருவேற்காடு வழியாக வந்து, சென்னை முழுக்க மணம் பரப்பி, நேப்பியர் பாலத்தருகே கடலைத் தொடுகிற நம் கூவம்? ஃப்ளவ்! பாரிஸின் ஸேன் நதிக்கு என்ன அந்தஸ்தோ அதே அந்தஸ்து.

உறவுமுறையில் மட்டும் பாவம், அவர்கள் ஏழைகள். சித்தப்பா, பெரியப்பா, மாமா எல்லாம் ஒரே ‘ஓங்க்ல்’. ஆனால் கல்யாணத்தால் வருகிற சொந்தத்தில் பழிவாங்கிவிடுகிறார்கள். மாமியாரை இங்கிலீஷ்காரன் ‘சட்டப்படி அம்மா’ என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி கூப்பிடுகிறான். பிரெஞ்சுக்காரன் ‘பெல் மேர்’ என்கிறான். அதாவது ‘அழகான அம்மா’. மாமனார் அழகான அப்பா, மச்சான் அழகான சகோதரன். (சித்தி கொடுமைக் கதைகளில் வருகிற சித்திக்கும் அதே ‘பெல் மேர்’தான் என்பதை மாமியார் காதில் போடாதீர்கள்.)

இவ்வளவும் தேறி, பாயிண்ட் வந்து, விசா வந்து, கனடாவில் இறங்கியாகிவிட்டது. ஆபீஸில் ஒரு நல்ல மனுஷர், “ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டுக்கு ‘தினே’ சாப்பிட வாங்க” என்கிறார். டின்னர்தானே என்று மத்தியானம் பட்டினி கிடக்காதீர்கள். பாரிஸில் தினே என்றால் ராத்திரிச் சாப்பாடு. கியூபெக்கில் அது மத்தியானச் சாப்பாடு, ராத்திரிக்கு ‘ஸூப்பே’. ராத்திரி எட்டு மணிக்குக் குளித்து, சென்ட் அடித்து, ஸ்வீட் பாக்கெட்டோடு போய்க் காலிங் பெல்லை அடித்தால், பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள்.